மூன்றாம் எண் கூண்டு

துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால்
என்ன செய்வதென்று இந்த ஊருக்குத் தெரியும்.
படகை மேட்டுக்கு இழுப்பார்கள்,
மெழுகுவத்தி வாங்குவார்கள்,
மூன்று மணிக்கே ரொட்டிக் கடை காலியாகும்.
தானே புயல் அடித்த இரவுக்குப் பிறகு
கடலூரில் யாரும்
காற்றைக் குறைத்துப் பேசுவதில்லை.

அந்த வழக்கத்தில்தான் நானும்
ஒரு கோப்பு வைத்திருந்தேன்.
நீல அட்டை, நாடா கட்டியது.
'மாணவர் கிளர்ச்சி: முன்னேற்பாடு.'
டி.எஸ்.பி.யின் கைப்பேசி எண்,
கேமராக் கம்பங்களின் வரைபடம்,
எந்த கேட்டை எப்போது பூட்டுவது,
விடுதியைக் காலி செய்யச் சொல்லும் சுற்றறிக்கை,
தேதி மட்டும் நிரப்பாமல்,
கீழே பதிவாளர் என்று என் கையெழுத்தோடு.

செவ்வாய் மதியம் உட்கார்ந்தார்கள்.
நூற்று நாற்பது பேர் என்றது கேமரா.
இருநூற்றுப் பதினொன்று என்றார் காவலாளி அஞ்சாபுலி.
போர்ட்டிகோவுக்கு வெளியே கழற்றிய செருப்புகளை
எண்ணி, இரண்டால் வகுத்திருந்தார்.

சென்னையிலிருந்து துணைவேந்தர் பேசினார்:
'யார் தூண்டிவிடுறது, அதைப் பாருங்க.'
பார்த்தேன்.
தூண்டியது என் மேசையில் இருந்தது,
உள்வரும் தட்டில், பேப்பர்வெயிட்டுக்கு அடியில்.
உதவித்தொகை எங்கள் கையில் இல்லை,
அது வரும்வரை ஹால்டிக்கெட்டை நிறுத்தாதீர்கள் என்று
ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் நான்கு,
அக்டோபரில் பச்சை மையில் ஒன்று.
எல்லாவற்றின் மூலையிலும் என் சுருக்கொப்பம்.
பார்த்தேன் என்று அதற்குப் பொருள்.
பார்க்கவில்லை என்றும்.

கூண்டு ஏற்றி நாலு மாதம் ஆகியிருக்கிறது.
கம்பம் என் அறைக்குள்ளேயே நின்றிருக்கிறது.

நவம்பர் இருட்டு ஆறு மணிக்கே வந்துவிட்டது.
சில்வர் பீச் திருப்பத்தில் இரண்டு வேன்.
'ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம், பத்து நிமிஷம்'
என்றார் இன்ஸ்பெக்டர், டீ உறிஞ்சும் சத்தத்தோடு.
சொல்லவில்லை.
தைரியம் என்று எழுதிவிடாதீர்கள்.
போனைப் பிடித்தபடி சும்மா நின்றேன், அவ்வளவுதான்.

அஞ்சாபுலிதான் வந்து கேட்டார்:
'பொம்பளப் புள்ளைங்க எங்கம்மா போவும்?
எல்லா பில்டிங்கும் பூட்டியாச்சே.'
நீல அட்டையைப் புரட்டினேன்.
பன்னிரண்டு பக்கம்.
கழிப்பறை என்ற சொல் ஒரு வரியிலும் இல்லை.

கீழ்த்தளத்தைத் திறக்கச் சொன்னேன்.
தண்ணீர் கேன் ஆறு, கொசுவத்தி ஒரு பெட்டி,
வவுச்சரில் 'இதர செலவு'.
வேன்களைத் திரும்பிப் போகச் சொன்னேன்.
பிறகு இறங்கிப்போய்ப் படியில் உட்கார்ந்தேன்.
முட்டி வலி, நின்றுகொண்டு பேச முடியாது.

சோனாங்குப்பத்துச் சங்கவி, மூன்றாமாண்டு விலங்கியல்,
நகலை நீட்டினாள்.
'ஜூலையில குடுத்தது. படிச்சீங்களா?'
'இன்னிக்கு மத்தியானம்தான் படிச்சேன்.'
யாரோ சிரித்தார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்.
இரண்டும் எனக்கு வர வேண்டியவைதான்.

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன்.
என்னால் முடிவது இடப்பக்கம்:
ஹால்டிக்கெட், இன்றிரவே.
முடியாதது வலப்பக்கம்:
ஏறிய பஸ் கட்டணம், ஆட்சிக்குழு கூடும்வரை.
வலப்பக்கத்தை வாசித்ததும் ஊளையிட்டார்கள்.
ஊளை அடங்கும்வரை எழுந்து போகவில்லை.
அன்று நான் செய்த நிர்வாகம் அது ஒன்றுதான்.

தேர்வுப் பிரிவின் பிரிண்டர் இரண்டு முறை சிக்கியது.
கடைசி ஹால்டிக்கெட் வரும்போது மணி ஒன்றேகால்.
பஸ் கட்டணத்துக்கு முப்பது பேர் விடியும்வரை இருந்தார்கள்.
காலையில் எனக்கு ஒரு மெமோ வந்தது,
விளக்கம் கேட்டு.
தேதியில்லாத சுற்றறிக்கையைக் கிழித்தேன்.
அட்டையைக் கிழிக்கவில்லை. காலிப் பக்கங்கள் இருக்கின்றன.

போர்ட்டிகோ வாசலில்
ஒற்றைச் செருப்பு கிடந்தது, வார் அறுந்து.
தூக்கிப் போடாமல், கேட் ஓரத்தில்
தெரிகிற மாதிரி வைத்தார் அஞ்சாபுலி.
'இருக்கட்டும்மா,' என்றார்,
'வந்து கேப்பாங்க.'