வாளி பத்து ரூபாய்

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த மறுவாரம்
திசையன்விளையில் காலை ஆறேகால் பஸ்.
உவரியில் இறங்கி மணலில் நடந்தால்
நாலு கதவு வைத்த தகரக் கொட்டகை,
மேலே கறுப்புத் தொட்டி,
சுவரில் சிவப்பு பெயிண்டில்
"நல தண்ணீர். வாளி 10 ரூபாய்."
உப்புக்காற்று தின்றது போக மிச்சம் அவ்வளவுதான்.

முதலாளி டெல்பின் அக்கா.
முதலாளி என்று கூப்பிட்டால்
யாரையோ கூப்பிடுகிறேன் என்று
பின்னால் திரும்பிப் பார்ப்பாள்.

எனக்கு ஒரு மேசை, ஒரு பிஸ்கட் டப்பா, ஒரு நோட்டு.
ஓலைப்பெட்டியில் கடல் மண் அள்ளி
தலையில் ஈரம் ஒழுக ஒழுகச் சுமந்து
சுயம்புலிங்கசாமிக்கு நேர்ச்சை தீர்த்தவர்கள் வருவார்கள்.
செவ்வாய்க்கிழமை என்றால்
அந்தோணியாருக்குப் பதிமூணு வாரம் நேர்ந்தவர்கள்.
முதுகைச் சொறிந்துகொண்டு
வாளிக்குச் சண்டை போடுவதில்
இரண்டு கூட்டமும் ஒரே சபை.

"கைப்புள்ளக்காரிட்ட காசு வாங்காதட்டி.
கெழவி சுருக்குப்பையத் தொளாவுனா
தொளாவி முடிக்குமுன்ன உள்ள அனுப்பிரு."
"பெறவு யாருட்டதான்க்கா வாங்க?"
"கூலிங் கிளாஸ் போட்டவன்ட்ட வாங்கு."

ஒரு லோடு லாரித் தண்ணீர் எண்ணூறு.
சும்மா போன வாளிகளைக் கூட்டி
நஷ்டம் எவ்வளவென்று
நோட்டில் கோடு போட்டுக் காட்டினேன்.
அந்தத் தாளைக் கிழித்து
வறுத்த சாளை நாலு வைத்து நீட்டினாள்.
என் கழித்தல் கணக்கில் எண்ணெய் ஊறி
பின்பக்கம் தெரிந்தது.

சொல்ல வேண்டியது இன்னொன்று.
சம்பளம் எவ்வளவென்று அண்ணனுக்குத் தெரியும்.
யாருக்கும் தெரியாத பணம்
கொஞ்சம் வேண்டியிருந்தது எனக்கு.
என்ன வாங்க என்று அப்போதும் தெரியாது.
ஒரு நாள் பத்து. ஒரு நாள் இருபது.
நோட்டில் ஏறாத வாளிகள்
ஜியோமெட்ரி பாக்ஸில்
காம்பஸுக்கு அடியில் கிடந்தன.

மே கடைசியில் கள்ளக்கடல் என்றார்கள்.
காற்றில்லை, மழையில்லை,
அலை மட்டும் வந்து
ஐஸ் வண்டிக்காரன் குடையைக் கொண்டுபோனது.
போலீஸ் கயிறு கட்டியது.
ஆறு நாள் ஒரு தலை நனையவில்லை.
வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, நானும் போனேன்.
கயிற்றுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து
பனங்கிழங்கு மாவு உருண்டை தின்றோம்.
அவள் வீட்டுக்காரர் பஹ்ரைனிலிருந்து அழைத்தால்
போனைக் கடல் பக்கம் நீட்டிப்பிடிப்பாள்.
"கேக்கா? இன்னைக்கும் ஏவாரம் இல்ல."

ஆறாம் நாள்தான் எனக்குக் கடைசி நாள்.
நூற்றைம்பது வீதம் எண்ணி வைத்தாள்.
அந்த ஆறு நாளும் அதில் இருந்தது.
"அக்கா, இது..."
"கடலு களவாண்டதுக்கு
ஒன் சம்பளத்துல பிடிக்கவா?"

மோட்டார் போட அவள் பின்பக்கம் போனாள்.
பாக்ஸைத் திறந்தேன்.
டப்பாவுக்குள் எவ்வளவு மெதுவாகப் போட்டாலும்
காசு காசு மாதிரியே சத்தம் போடுகிறது.

சாயங்காலம் வழக்கம்போல
டப்பாவைக் கவிழ்த்து எண்ணினாள்.
இருநூற்று முப்பது.
கயிற்றைப் பார்த்தாள்.
கயிற்றுக்கு அப்பால்
ஒரு நாய் நடந்துகொண்டிருந்தது.
என்னைப் பார்க்கவில்லை.
"பாத்தியாட்டி,
ஆளில்லாத நேரம் பாத்து
கடலே வந்து குளிச்சிட்டுப் போயிருக்கு.
அதுக்கும் உப்பு அரிக்கும்லா."

"எழுது" என்றாள்.
வாளி இருபத்து மூன்று என்று எழுதினேன்.
"யாருன்னு போடு."
நோட்டில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில், கோட்டுக்கு வெளியே,
கடல் என்று போட்டேன்.
கை நடுங்கியதில் ட-வின் மூலை
கொஞ்சம் வளைந்துவிட்டது.

ஏழரை பஸ்ஸில் கண்டக்டர்
சில்லறை இல்லையா என்றார்.
எல்லாம் நோட்டாக இருந்தது.
இல்லை என்றேன்.