தொண்ணூற்று மூன்று

பிளஸ் ஒன் சேர்ந்த இரண்டாவது வியாழன்
வெப்பமானி சரியா என்று பார்க்கத்
தண்ணீர் கொதிக்க வைத்தோம்.
பீக்கரின் அடியில் குமிழ் கட்டி
பிறகு மொத்தமும் புரண்டது.
பாதரசம் தொண்ணூற்று மூன்றில் நின்றுவிட்டது.
பொறுத்துப் பார்த்தேன்.
சுடரைக் கூட்டினேன்.
தண்ணீர்தான் குறைந்தது.

பக்கத்து மேசையில் நிலோஃபர்
அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே நூறு என்று எழுதி
ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டிருந்தாள்.
காயல்பட்டினத்தில் நூறு.
அருப்புக்கோட்டையிலும் நூறுதான்.
"தெர்மாமீட்டர் அவுட்டு, வேற கேளுடி."
வேறு வாங்கினேன்.
அதுவும் அதையே சொன்னது.

பூம்பாறையிலிருந்து தினம் பஸ்ஸில் வரும்
தங்கபாண்டீஸ்வரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.
"எங்க வீட்ல குக்கர் ரப்பர் போச்சுன்னா
அன்னைக்குப் பருப்பே கிடையாது, தெரியுமா?"
அவள் சுவெட்டரில் பூண்டு மணம்.
அப்போதுதான் புரிந்தது
மெஸ் சாம்பாரில் பல்லில் நெறிபடும்
அந்தத் துவரம்பருப்பு.

ரெக்கார்டு நோட்டில்
தொண்ணூற்று மூன்று என்றே எழுதினேன்.
சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி வந்தது.
அதை அடித்து, பக்கத்தில் ஒரு சரி.
யார் மனசு மாறினார்களோ.

ஞாயிறு மாலை ஆளுக்குப் பத்து நிமிடம் போன்.
வரிசை மாடிப்படி வரை நிற்கும்.
அப்பாவின் குரலுக்குப் பின்னால்
லாரித் தார்ப்பாய் தைக்கும் மிஷின் ஓடும்.
"சாப்பிட்டியா, குளிருதா" எல்லாம் முடிந்து
மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார்:
"கெமிஸ்ட்ரில நூறு வந்துரும்ல?"
"வரும்ப்பா."
இங்கே தண்ணீருக்கே வரவில்லை என்று
சொல்ல நினைத்ததுண்டு.
எனக்குப் பின்னால் பதினோரு பேர்.

டிரங்குப் பெட்டிக்கு அவர் தைத்துக் கொடுத்த உறை
பாதி நீலம், பாதி மஞ்சள், வெட்டு மிச்சம்.
சக்கரம் வைத்த சூட்கேஸ்களுக்கு நடுவே
முதல் மாதம் அதைக் கட்டிலுக்கடியில்
காலால் தள்ளித் தள்ளி வைத்தேன்.
நவம்பரில் கூரை ஒழுகி
சூட்கேஸ்களெல்லாம் நனைந்த இரவு
ஆறு பேருடைய நோட்டுகளும்
என் பெட்டிக்குள் தூங்கின.
நான் ஒன்றும் பேசவில்லை.
கொஞ்சம் பேசினேன்.

காயாத சாக்ஸ்.
ஐந்து பேருக்கு ஒரு கீஸர்,
ஆளுக்கு ஒன்றரை வாளி.
ஏழு மணி ஸ்டடியில் ஜன்னல் வழியாக மேகம் வந்து
கால்குலஸ் மேல் உட்காரும்.
ஒருநாள் மெஸ் வாசலில் காட்டுமாடு ஒன்று
அரை மணி நேரம் அசையாமல் நின்றதில்
உப்புமாவும் தப்பியது, டெஸ்ட்டும் தப்பியது.
நிலோஃபர் இரவில் உம்மாவை நினைத்து அழுவாள்.
டார்ச்சை அணைத்துவிட்டுத்தான் அழுவாள்,
படிக்கிறவளுக்குத் தொந்தரவாம்.

பொதுத்தேர்வில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

கடைசி நாள் பஸ்.
பெருமாள்மலை தாண்டியதும் காது அடைத்தது,
பிறகு டப்பென்று திறந்தது.
வத்தலக்குண்டு ஸ்டாண்டில் பத்து நிமிடம் நிற்கும் என்றார்கள்.
ஒரு டீ சொன்னேன்.
இரண்டு வருடமாகக் குடித்த பழக்கத்தில்
எடுத்த எடுப்பில் ஒரு மடக்கு.

நாக்கு பொத்துவிட்டது.

கண்ணில் தண்ணீரோடு சிரித்துக்கொண்டு நின்ற என்னை
டீக்கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார்.
"மேல இருந்து வர்றியா?" என்றார்,
சில்லறையைத் துழாவிக்கொண்டே.