எலுமிச்சை நிற்கும் இடம்

தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிய பழைய வேன்.
பன்னிரண்டு சீட்டைக் கழற்றியதும்
ஒரு மெத்தை, ஒரு கேஸ் அடுப்பு,
புனிதவதியின் மிளகாய்த்தூள் டப்பா.

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில்
தே தாரிக் ஆறும்வரை தகராறு:
தெமெங்கோர் ஏரியா, கேமரன் மலையா?
செம்பனை லோரி போகும்போதெல்லாம்
பேச்சு நிற்கும்.

ஏரிக்கரையில் பிளக் உண்டு, இருபத்தைந்து ரிங்கிட்;
ராத்திரி யானை வரும் என்று
போனில் ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான்.
மலையில் குளிர் சும்மா.
கக்கூஸுக்குத்தான் ஐம்பது காசு,
அதுவும் ஆறு மணிக்குப் பூட்டு.

அவள் எதையும் கேட்கவில்லை.
பூசையில் டயருக்கடியில் வைத்தும்
நசுங்காமல் தப்பிய எலுமிச்சையை
வேன் தரையில் விட்டுப் பார்ப்பாளாம்.
உருண்டால் அந்த இடம் வேண்டாம்.

முப்பத்தோரு வருடம்
கம்பெனி கொடுத்த நம்பர் வீடு.
கால் எந்தப் பக்கம் நீட்டுவது என்பதுகூட
சுவர் சொன்னதுதான்.

ஏரி என்றே முடிவு.
கிரிக் ரோட்டில்
யானைப் படம் போட்ட பலகை தாண்டி
மூன்று இடம் பார்த்தோம்.
மூன்றிலும் உருண்டது.

நாலாவதில்
குழாய் இல்லை, பிளக் இல்லை.
பழம் கொஞ்சம் நடுங்கி
நின்றுவிட்டது.

"எஞ்சின ஆஃப் பண்ணுங்க" என்றாள்.