தொடுகைக்கு மூவாயிரம்

பன்னிரண்டாயிரம் ரொக்கம்,
போக வர பஸ் காசு,
ஆட்டம் முடிந்தால் பிரியாணி
அவன் சொல்லும் கடையில்.
இப்படித்தான் மேலப்பாளையத்திலிருந்து
கூத்தங்குழிக்கு வாங்கினோம்
மைதீன் பாதுஷாவை,
திருவிழாக் கோப்பைக்கு.

செயலாளர் ரெக்ஸன் போனில் காட்டிய வீடியோவில்
மூன்று பேர் சூழ்ந்து நிற்கிறார்கள்.
ஒரு பாய் விரிக்கும் இடத்துக்குள்
பந்தோடு சுழன்று
வெளியே வந்துவிடுகிறான்.
பதினோரு தடவை பார்த்தோம்.
நம் ஆட்டத்தில் அந்தப் பாயை
எங்கே விரிப்பது என்று
எவனும் கேட்கவில்லை.

நாங்கள் ஆடுவது காற்றாட்டம்.
டாஸ் ஜெயித்தால் பந்தைக் கேட்க மாட்டோம்,
கச்சானைக் கேட்போம்.
பின்னாலிருந்து சகாயம் ஓங்கி உதைப்பான்.
பந்து மேலே போய்
ஒரு நொடி யோசித்து
எதிராளி தலைக்குப் பின்னால் இறங்கும்.
இறங்கும் இடம் தெரிந்தவன் வின்ஸ்டன் ஒருவன்தான்,
தண்ணீர் நிறம் பார்த்து மீன் சொல்லுகிற கண்.
போன ஐப்பசியில் குவைத் போய்விட்டான்.
அவன் நின்ற இடத்தில்தான் பாதுஷா.

பாதுஷா சந்துக்காரன்.
பீடிக்கடைச் சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே
பழகிய கால்.
பந்து வானத்திலிருந்தும் வரும் என்று
எந்தச் சந்தும் அவனுக்குச் சொன்னதில்லை.

முதல் ஆட்டம்.
சகாயம் உதைக்க,
இவன் எங்களைப் பார்த்து ஓடி வருகிறான்.
பந்து தலைக்கு மேலே
எதிர்த்திசையில் போகிறது.
தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவர்கள் மாதிரி
இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
அறுபது நிமிடம்,
நான்கு தொடுகை.
பொருளாளர் பனியடிமை
மணலில் விரலால் வகுத்தார்:
"தொடுகைக்கு மூவாயிரம்ல."

ராத்திரி வலைக்கூடத்தில்
ஐஸ்பெட்டி மேல் போனைச் சாய்த்துவைத்து
வெளிநாட்டு ஆட்டம் பார்த்தோம்.
அங்கேயும் ஒருத்தன்,
கோடி கோடியாய்க் கொட்டி வாங்கியவன்,
இடுப்பில் கைவைத்து நிற்கிறான்.
ஊரே அவனைத் திட்டுகிறது.
"அவனுக்குப் பந்தே வரலயே"
என்றான் பாதுஷா,
என்னைப் பார்க்காமல்.

நடுக்களம் நான்தான்.

அரையிறுதி, நாற்பதாவது நிமிடம்.
என் காலில் பந்து.
அவன் என்னை நோக்கி வருகிறான்,
உள்ளங்கையைத் தரைக்குக் காட்டி:
காலில் கொடு, காலில்.
நடுவே ஆறு கஜம் மணல்.
உருட்டினால் புதைந்துவிடும் என்றது
பதினெட்டு வருடப் பழக்கம்.
தூக்கி அடித்தேன்.
காற்று வாங்கிக்கொண்டது.
காற்றிடமிருந்து கடல் வாங்கிக்கொண்டது.
தோணியில் போய்ப் பந்தை எடுத்து வந்தார்கள்.
பெனால்டியில் தோற்றோம்.

மறுவருடம் எட்டாயிரத்துக்கு
பெருமணல்காரர்கள் கொண்டுபோனார்கள்.
"நாம வெலையக் கொறச்சுக் குடுத்துட்டோம்"
என்று பனியடிமை மட்டும் சிரித்தார்.
அவர்கள் மைதானம் செம்மண்.
மதில் மறைப்பில் காற்று எட்டாது.
பந்தைத் தரையை விட்டுத் தூக்குவது
அவர்களுக்குக் கைச்செலவு மாதிரி,
அவசரத்துக்குத்தான்.

அங்கே எங்களுக்கு எதிராக நின்றான்.
அவர்களின் நடுக்களத்தில் ஒரு பொடியன்,
மீசை அரும்பாதவன்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்
ஆறு கஜம் உருட்டிவிட்டான்.
பாதுஷாவின் முதுகில் சகாயம் ஒட்டிக்கிடக்க,
ஒரே பாய்.
சுழன்றான்.

கோலுக்கு எழுந்த கூச்சலில்
எனக்கு அந்த உருட்டல்தான் கேட்டது.
அது என்னுடைய பாஸ்.
ஒரு வருடம் காலில் வைத்திருந்து
கொடுக்காமல் விட்டது.

முடிந்ததும் கைகொடுக்க வந்தான்.
"அன்னைக்கு நீங்க தூக்கியடிச்சது
நல்ல பந்துதாண்ணே.
வின்ஸ்டன் ஓடியிருப்பான்."
வின்ஸ்டனை அவன் பார்த்ததே இல்லை.
அந்த ஒரு சீசன் முழுக்க
கேட்டிருக்கிறான்.

இந்த வருடம் தூத்தூரில் ஒருத்தன் என்கிறான் ரெக்ஸன்.
பதினெட்டாயிரம். ஆறடி ரெண்டு.
"காத்து விழுந்துட்டா
அவன் என்ன செய்வான்?" என்றேன்.
ரெக்ஸன் போனைத் துடைத்து நீட்டினான்:
"மொதல்ல வீடியோவப் பாரும்."