சுழியமும் கோடும்

இறக்கண்டியிலிருந்து கொக்குப்பாறைக்கு
வள்ளத்தில் முப்பது நிமிடம்.
சோளகம் ஓய்ந்த புரட்டாசியில் இருபது.
"இதையும் எழுதுங்க" என்பார் றபியுத்தீன்.
அதற்கு என்னிடம் கட்டம் இல்லை.

பேரேட்டில் ஏழு கட்டங்கள்:
திகதி, நேரம், காற்று, முகில், இனம், எண்ணிக்கை.
ஏழாவது, குறிப்பு.
ஒரு விரற்கடை அகலம்.
அதற்குள் அடங்காததைக்
கடலில் விட்டுவிடுவேன்.

ஒக்டோபர் 2. வடகிழக்கு, மெல்லியது.
கல்திருப்பி உள்ளான் பதினேழு.
ஒன்று நொண்டியது.
மற்றவை காத்திருக்கவில்லை,
அதுவும் கேட்கவில்லை.

ஒக்டோபர் 9. ஆலாக்கள்.
வானத்தைப் பத்துப் பத்தாய் வெட்டி
நானூறு என்று போட்டேன்.
நானூற்று ஓராவது ஆலா
என்னை மன்னிக்க வேண்டும்.

ஒக்டோபர் 21. வலையில் ஒரு பவளக்கால் உள்ளான்.
காலில் ஏற்கெனவே வளையம்.
உப்புத் தின்ற இலக்கங்களில் நடுவிலுள்ளது
மூன்றா எட்டா தெரியவில்லை.
உள்ளங்கையில் அதன் நெஞ்சு
தையல் மெஷின் ஓடுவதுபோல் ஓடியது.
நூற்றுப் பதினொரு கிராம்.
கடையில் நிறுத்தால் இரண்டு பிடி பருப்பு.

இங்கே வந்த முதல் நாள் கற்றது இது:
சுழியம் என்றால், பார்த்தேன், வரவில்லை.
கோடு என்றால், பார்க்க ஆளில்லை.
ஒன்றை மற்றதாய் எழுதினால்
அந்த வருடமே பொய்.

அலுமாரியில் பழைய பேரேடுகள்.
எண்பத்தைந்திலிருந்து பக்கம் பக்கமாய்க் கோடு,
பின்னாளில் யாரோ
அடிமட்டம் வைத்து நேராக இழுத்தது.
ஒருநாள் றபியுத்தீன் புரட்டிப் பார்த்தார்.
"அந்தக் காலம் குருவி வரல்லயா?"
வந்திருக்கும், என்றேன்.
ஜன்னலால் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
"நாங்க கண்டம்" என்றார்.
"எண்ணல்ல."

நவம்பர் பதினெட்டு: சிவப்புக் கொடி.
ஒன்பது நாள் வள்ளம் இறங்கவில்லை.
உப்புவெளி அறையில், கூரை ஒழுக்குக்கு வாளி வைத்து,
பென்சிலால் ஒன்பது கோடு போட்டேன்.
மையால் போட மனம் வரவில்லை.

இருபத்தேழில் போய் இறங்கியபோது
கடற்படைக் காவலரணில் இருக்கும் சேனாதீர
முழங்கால் நீரில் ஓடி வந்தான்.
இதுவரை என்னிடம் அனுமதிக் கடிதம் தவிர
எதுவும் கேட்டிராதவன்.
பொலித்தீனில் சுற்றிய காகிதம் ஒன்றை நீட்டினான்,
ரேஷன் சிட்டையின் பின்பக்கம், சிங்களத்தில்.

றபியுத்தீன் வாசித்துச் சொன்னார்:
பதினெட்டு. நீளச் சொண்டு ஆறு. சிவப்புக்கால் மூன்று.
கல்லுப் புரட்டுற ஆள் பதினொன்று.
பத்தொன்பது. கல்லுப் புரட்டுற ஆள் நாலு.
பிறகு ஏழு நாள்
சுழியம். சுழியம். சுழியம்.
ஒவ்வொன்றுக்கும் நேரம் இருந்தது,
காலை ஆறு, மாலை ஐந்து.
பாறை நுனியில், அந்த மழையில்.

ஒன்றும் இல்லை என்று தெரிந்தும்
ஏன் தினமும் போனாய்?
றபியுத்தீன் கேட்டு, பதிலைத் தமிழாக்கினார்:
"போகாம எப்பிடி இல்லையெண்டு எழுதுற?"

பென்சில் கோடுகளை அழித்தேன்.
ஏழு சுழியங்களையும் மையில் போட்டேன்,
கை நடுங்காமல், வட்டமாக.
குறிப்பில் அவன் பெயர் அடங்கவில்லை.
ஓரத்தைத் தாண்டி
அடுத்த பக்கத்துக்குப் போயிற்று.
கொழும்பிலிருந்து கேட்பார்கள்:
பார்த்தவரின் தகுதி என்ன?
மழை அங்கி ஒன்று, என்று எழுதலாம்.

திரும்பும்போது கடல் இன்னும் கலங்கல்.
றபியுத்தீன் ஒன்றும் பேசவில்லை.
கை சுக்கானில், கண் மேலே,
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
அடி மணலில் தட்டியதும்
"இருபத்தாறு ஆலா" என்றார்.
"பிழையெண்டா திருத்துங்க."

நான் பார்த்திருக்கவில்லை.
அப்படியே எழுதினேன்.