கடைசிக் குழாய்

தலை நிறைய நுரையோடு நிற்கிறாள் சோபனா.
குழாய் இரண்டு முறை இருமியது,
ஒரு வாய் செம்மண்ணைத் துப்பியது,
அப்புறம் மூடிக்கொண்டது.

திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
சந்தை முடியட்டும்கா, திங்கட்கிழமை வந்துடறேன் என்றான்.
போச்சம்பள்ளியில்
எந்தத் திங்கட்கிழமை என்று
யாரும் பிளம்பரைக் கேட்பதில்லை.

குடத்துத் தண்ணீரில் அவள் தலையைப் பாதி அலசிவிட்டு
ஸ்பேனரைத் தேடி எடுத்தேன்.
அவளுடைய அப்பாவுக்கு ஓசூரில் இரவு ஷிப்ட்,
இந்நேரம் அறையில் தூக்கம்.
எழுப்பிக் கேட்டால் ‘தொடாதே’ என்பார்.
எழுப்பவில்லை.

குழாய் மூக்கைத் திருகினால்
ஒரு ரூபாய் அகலச் சல்லடை.
கண்ணுக்கு ஒரு கல் அடைத்திருந்தது.
ஊசியால் குத்திக் குத்தி எடுத்தேன்.
வெள்ளையாய்ப் படிந்த உப்புக்குப்
புளி கரைத்து ஊறப் போட்டேன்,
குழம்புக்கு வைத்திருந்த கடைசி உருண்டை.

போன பங்குனியில்
கிணற்றைப் பதினெட்டு அடி இறக்கினோம்.
அடிக்கு இவ்வளவு என்று பேரம்.
என் கம்மல் சொசைட்டிக்குப் போனது.
இந்தப் பொடி அந்தப் பாறைதான்.
காசு கொடுத்து வாங்கிய ஆழம்
பைப்புக்குள் ஏறி வந்து
வாடகையில்லாமல் குடியிருக்கிறது.

மோட்டார் சேற்றில் வாய் வைத்துக் கிடந்தது.
நானும் பக்கத்து வீட்டு நசீமாவும்
கயிற்றைப் பிடித்து
இரண்டு முழம் தூக்கிக் கட்டினோம்.
மாடித் தொட்டியில் கணுக்கால் வரைக்கும் சேறு,
மாவு மாதிரி, குளுகுளுவென்று.
அன்னக்கரண்டியால் வாரினேன்.
நாலு பக்கெட்.

கேட்வால்வை மெல்லத் திறந்தால்
மண் படுத்தே கிடக்கும்.
ஒரே திருகாய்த் திறக்கவேண்டும்.
சோபனாவைக் கடைசிக் குழாயில் நிறுத்தினேன்.
என்ன நிறம்னு அங்கிருந்தே கத்து.

டீ!
பால் ஊத்தின டீ!
ராகிக் கூழு! கட்டி கட்டியா வருதும்மா!
ஒண்ணும் வரலே!

எல்போவில் விறகுக் கட்டையால் நாலு தட்டு.

கூழு!
மறுபடி டீ!
அரிசி கழுவின தண்ணி!

அப்புறம் சத்தமே இல்லை.
அடைத்துக்கொண்டதா, தெளிந்துவிட்டதா,
மாடியிலிருந்து தெரியாது.
சோபனா?
ஏய், சோபனா?

ஈரக்காலோடு படியிறங்கி ஓடினால்
குழாய்க்கடியில் தலையை நீட்டிக் குந்தியிருக்கிறாள்,
காலையின் மிச்ச நுரை கழுத்தில் வழிகிறது.
என்னன்னு கத்தறது என்றாள்.
தண்ணி நிறத்துலதான் வருது.

சேற்றைக் கறிவேப்பிலைக்குக் கொட்டினேன்.
மூன்று மணி வெயிலில்
காக்காப்பொன் மினுக்கியது அதில்.
நசீமா ஒரு சிட்டிகை எடுத்து
என் வெறுங்காதில் வைத்துப் பார்த்தாள்.
இரண்டு பேரும் சிரித்தோம்.

ராத்திரி ரசத்தில் புளி இல்லை.
இரண்டாவது கவளத்தில்
பல்லில் ஒரு மணல் நெரிந்தது.