கடைசியாகக் கண்ட தேதி

பங்குனி பதினொன்று. ஞாயிறு.
துரைப்பாக்கம் ரேடியல் சாலையில்
தண்ணீர் லாரிகள் உறுமத் தொடங்குமுன்
சதுப்போரக் கைப்பிடிச் சுவரில் ஐந்து பேர்.
முழங்கை ஊன்ற இடம் தேடி
நேற்றைய எச்சத்தைத் துடைக்கிறார் தணிகைவேல்.

குறிப்பேடு என் வசம்.
யார் கண்டது, எங்கே, எத்தனை, எத்தனை மணிக்கு.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
எட்டு வருடம் முன்பு கொடுத்தார்கள்.
கண் சுமார் என்பதால் என்று
யாரும் சொல்லவில்லை.

"நீலச்சிறகி நாற்பது" என்கிறார் ஃபிலோமினா.
"முப்பத்தெட்டு" என்கிறார் ஹபீப்.
இரண்டு வாத்துக்காக
ஒரு பிளாஸ்க் டீ ஆறுகிறது.
நடுவாக முப்பத்தொன்பது போடலாம்தான்,
ஆனால் அதை எண்ணியவர் யாருமில்லை.

குப்பை மேட்டுப் புகை தெற்கே திரும்பும் நேரம்
கோரைக்கு மேல் சாய்ந்து வருகிறது
ஒரு சேற்றுப் பூனைப்பருந்து.
அத்தனை வாத்தும் ஒரே உதறலில் எழுந்து
எதிர்க் கட்டடத்தின் பதினாலு மாடிக் கண்ணாடியில்
ஒருமுறை பறந்து
தண்ணீருக்கே திரும்புகின்றன.
எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

பிறகு வாரக்கதை.
கேளம்பாக்கம் உப்பளத்தில் பூநாரைகள், ஹபீப் கண்டது:
"எண்ண முடியல சார், நிறமாத்தான் தெரிஞ்சுது."
அடையாறு பாலத்தில் பேருந்து ஜன்னல் வழியே
வசுமதிக்கு ஓர் ஆலா,
தலை கறுக்கத் தொடங்கியது.
அலகின் நிறம் பார்ப்பதற்குள்
கண்டக்டர் சில்லறை கேட்டுவிட்டார்.
"ஆலா, ஏதோ ஒன்று" என்றே எழுதச் சொன்னாள்.

தணிகைவேல் கடைசியாகத்தான் பேசுவார்.
மின்வாரியம். லைன்மேன்.
வியாழன் ராத்திரி எட்டேகால், கொளத்தூர்.
"லைன் கட் பண்ணியிருந்தோம். தெருவே இருட்டு.
கம்பத்து மேல இருக்கேன்.
கீழ ஜனங்க கரண்ட் எப்போன்னு கத்துறாங்க.
மேலயும் யாரோ கத்துறாங்க."
வரித்தலை வாத்துகள் என்றார்.
"பார்த்தீங்களா?"
"கேட்டேன்."
"எத்தனை?"
"ஒருத்தர் விட்டு ஒருத்தர் பேசிக்கிட்டே போனாங்க.
எத்தனை பேர்னு எப்படிச் சொல்ல?"
ஹபீப் தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தார்,
அழுக்கே இல்லாத கண்ணாடியை.

எழுதினேன்:
எண்ணிக்கை, தெரியாது.
திசை, வடக்கு.
வெளிச்சம், இல்லை.

குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் உண்டு.
முதலில் கண்ட தேதி எளிது.
புரட்டாசி முடிவில் ஒரு வாலாட்டி
மொட்டைமாடி ஈரத்தில் வந்து ஆட்டினால்
அன்றைக்கே எழுதிவிடலாம், மையால்.
கடைசியாகக் கண்ட தேதியை
அன்றைக்கு எழுத முடிவதில்லை.
எந்த நாளும் தன்னைக் கடைசி என்று சொல்லிக்கொள்வதில்லை.
மறுநாள் போகவேண்டும்.
அதற்கு மறுநாளும்.
இல்லாத வாத்துகளை எண்ண
வெயிலில் தொப்பி போட்டு நிற்கவேண்டும்.
அந்தப் பத்திக்கு நான் பென்சில்தான் வைத்திருக்கிறேன்.
தாள் அங்கே மட்டும் மெலிந்திருக்கிறது.

சித்திரையில் கூட்டம் கலைந்தது.
ஃபிலோமினாவுக்கு விடைத்தாள் திருத்தும் பணி.
வசுமதிக்குப் புது வேலை, ஞாயிறும் உண்டு.
நீலச்சிறகி இருபத்திரண்டு. ஒன்பது. நான்கு.
நீர் பின்வாங்கிய சேற்றில்
நாமக்கோழிகள் மட்டும்
வாடகை பாக்கி இல்லாதவர்கள்போல் நடந்தன.

கத்திரி தொடங்கி மூன்றாம் நாள்
நானும் தணிகைவேலும்.
மதகோரம் கலங்கல் குட்டையில்
ஒற்றை நீலச்சிறகி.
நாய் ஒன்று குரைக்க
தண்ணீரை அடித்துக்கொண்டு பத்தடி ஓடிற்று.
எழவில்லை.
இடது சிறகு பாதிதான் விரிந்தது.

"இதைக் கணக்குல சேர்க்கலாமா?"
ஹபீபுக்கு போன் போட்டுக் கேட்டேன்.
போகமுடியாதது தங்கியதாகாது என்றார்.
பத்தியை மூடிவிடச் சொன்னார்.
தணிகைவேல் ஒன்றும் சொல்லவில்லை.
அண்ணாந்து பார்த்தார்,
வெறும் வெயில்,
மறுபடி குட்டையைப் பார்த்தார்.
"நாளைக்கு எனக்கு டூட்டி மத்தியானம்தான்" என்றார்.

ஒன்று, என்று எழுதி
பென்சிலைச் சீவிக்கொண்டேன்.